மூடி போட்டு எடுத்த படம்

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ஒரு மொட்டை மாடி. மே மாதத்து இரவு, மணி பதினொன்றரை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் இன்னும் உள்ளங்காலைச் சுடுகிறது. தெற்கே விருச்சிகம் ஏறி நிற்கிறது. அதன் நடுவில் சிவப்பாகக் கேட்டை. முக்காலியில் கேமராவைப் பூட்டி, அபெர்ச்சரை நன்றாகச் சுருக்கி, லென்ஸைக் கேட்டையின் பக்கம் திருப்பி நாலு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால் என்ன கிடைக்கும்?

நட்சத்திரங்கள் புள்ளியாக விழாது. நாலு நிமிடத்தில் பூமி ஒரு பாகை சுழன்றுவிடுகிறது. ஆகவே பிரகாசமான நட்சத்திரம் ஒவ்வொன்றும் நகத்தால் கீறியதுபோல ஒரு சின்னக் கோடாக விழும். ஆனால் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோடுகளுக்கு நடுவே சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் எத்தனையோ புள்ளிகள் அசையாமல் நிற்கும். வானத்தில் உள்ளதெல்லாம் நகர்ந்தபோது நகராமல் நின்றவை வானத்தைச் சேர்ந்தவையாக இருக்க முடியாது. அவை கேமராவுக்குள்ளேயே பிறந்தவை.

சந்தேகம் இருந்தால் அடுத்த படத்தை லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு எடுக்கலாம். அதே நாலு நிமிடம், அதே ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு). ஒளி ஒரு துளிகூட உள்ளே போக வழியில்லை. வருவது வெறும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே புள்ளிகள் அதே இடங்களில் வந்து உட்கார்ந்திருக்கும். புகைப்படக்காரர்கள் இதை டார்க் ஃப்ரேம் என்கிறார்கள். கேமராவிலேயே இதற்கு ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் முப்பது விநாடிப் படம் முடிந்ததும் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு தானாக இன்னொரு முப்பது விநாடி எடுக்கும். இரண்டாவதை முதலாவதிலிருந்து கழித்துக் கொடுக்கும். விவரம் தெரியாமல் முதன்முதலில் பார்ப்பவர்கள் கேமரா ‘ஹேங்’ ஆகிவிட்டது என்று பேட்டரியைக் கழற்றுவதும் உண்டு. அந்த நேரத்தில் கேமரா தன் உள்ளே இருக்கும் இருட்டை அளந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்குச் சென்னை வெயில் நேரடியான பதில். சென்சார் என்பது சிலிக்கான் தகட்டில் அமைந்த கோடிக்கணக்கான சின்னக் குழிகள். ஓர் ஒளித்துகள் வந்து மோதினால் ஓர் எலக்ட்ரான் விடுபட்டுக் குழியில் விழும். ஷட்டர் மூடியதும் ஒவ்வொரு குழியிலும் எத்தனை விழுந்தன என்று கேமரா எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைதான் படம். ஆனால் எலக்ட்ரானை விடுவிக்க ஒளிதான் வர வேண்டும் என்பதில்லை. சூடும் அதைச் செய்யும். குழிக்குள் விழுந்தபின் இது நட்சத்திரம் அனுப்பியது, இது வெக்கை அனுப்பியது என்று பிரித்துச் சொல்ல எந்த அடையாளமும் இல்லை. சிலிக்கான் படிகத்தில் எங்காவது சிறு குறை இருந்தால் அந்த இடத்துக் குழி மற்றவற்றைவிட வேகமாக நிறையும். அசையாத வண்ணப் புள்ளிகள் அவைதான். ஹாட் பிக்சல் என்று பெயர். விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன கேமராக்களில் காஸ்மிக் கதிர்கள் அடித்து அடித்து இவை பெருகிப்போவதும் தெரிந்த விஷயம்.

பகலில் எடுக்கும் படத்துக்கு நூறில் ஒரு விநாடி போதும். அதற்குள் வெக்கையால் விழும் எலக்ட்ரான்கள் கணக்கிலேயே வராது. நாலு நிமிடம் என்பது அதைப்போல 24,000 மடங்கு. சென்சாரின் வெப்பம் ஏறத்தாழ ஆறு ஏழு டிகிரி கூடும்போதெல்லாம் இந்தக் கசிவு இரட்டிக்கிறது. சென்னையில் ஜனவரி இரவு 21 டிகிரியை ஒட்டி இறங்கும். மே மாதத்தில் 28ஐ ஒட்டியே நிற்கும். ஆக, தை மாதத்தில் எடுத்த படத்தைப்போல அக்னி நட்சத்திரத்தில் எடுத்த படத்தில் இந்த வேண்டாத எலக்ட்ரான்கள் இரண்டு மடங்கு. அதே கேமராவைக் கொடைக்கானலின் எட்டு டிகிரிக் குளிரில் வைத்தால் மே மாதத் தாம்பரத்தில் இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட ஒரு பகலுக்குப் பின், கான்கிரீட் மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி முக்காலி நிற்கிறதென்றால், சுவர் விடும் மூச்சும் படத்தில் பதிகிறது. கேட்டையைப் பிடிக்கப் போனவர் தாம்பரத்து மே மாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறார்.

படத்தில் இப்படி விழும் வேண்டாத புள்ளிகளுக்கு ‘நாய்ஸ்’ என்று பெயர் வந்தது எப்படி? இரைச்சல் காதைச் சேர்ந்த சொல் அல்லவா? 1918இல் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி வெற்றிடக் குழாய் பெருக்கிகளில் கேட்கும் ஓயாத சலசலப்பை ஆராய்ந்தார். அதற்கு இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று, கம்பியிலும் குழாயிலும் இருக்கும் வெப்பம். இன்னொன்று, மின்சாரம் தண்ணீர்போல் ஒழுகாமல் துகள் துகளாக வருவது. பத்தாண்டு கழித்து, 1928இல், பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் முதலாவதை அளந்து காட்டினார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். தொலைபேசியிலும் வானொலியிலும் கேட்ட ஒலிக்கு வைத்த பெயர், அதே இயற்பியல் படத்துக்குள் வந்தபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கை வானொலியில் பாட்டு வரும். பாட்டோடு அலை அடிப்பதுபோல் ஒரு ‘உஸ்’ஸும் வரும். 1982இல் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபின், கடலோர ஊர்களிலும் சென்னையிலும் ஆன்டெனாக் கம்பத்தை உயர்த்திக் கட்டினார்கள். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, “இப்பத் தெரியுதா?” என்று மேலிருந்து குரல் வரும், “இல்ல, புள்ளி புள்ளியாத்தான் வருது” என்று கீழிருந்து பதில் போகும். எள்ளை இறைத்ததுபோல் திரையெங்கும் நெளிந்த அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்துப் பார்க்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. இன்றைய கேமராவின் நாய்ஸ் அதற்கு உறவுக்காரன்தான்.

ஷாட்கி சொன்ன இரண்டாவது காரணத்தில்தான் விஷயம் ஆழமாகிறது. மாடியில் ஒரே அளவான நூறு டம்ளர்களை நெருக்கமாக வைத்துத் தூறலில் விட்டுவிடுவதாக வைத்துக்கொள்ளலாம். சராசரியாக ஒரு டம்ளரில் நூறு துளிகள் விழுந்தால், எல்லாவற்றிலும் சரியாக நூறு இருக்காது. ஒன்றில் தொண்ணூறு, அடுத்ததில் நூற்றெட்டு. துளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விழுவதில்லை. நூறு என்றால் ஏற்ற இறக்கம் பத்து. பத்தாயிரம் என்றால் ஏற்ற இறக்கம் நூறு. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பிசகும். முதல் கணக்கில் நூற்றுக்குப் பத்து பிசகு. இரண்டாவதில் நூற்றுக்கு ஒன்றுதான். முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அந்த மழையில் ஒரு பாத்திரத்துக்கும் அடுத்த பாத்திரத்துக்கும் வித்தியாசம் பார்க்க முடியாது. தூறலில்தான் அது தெரியும். இரவு என்பது ஒளியின் தூறல்.

ஒளியும் துளித்துளியாக வருவதால், எவ்வளவு விலை உயர்ந்த கேமராவிலும் இந்தப் பிசகு இருந்தே தீரும். சென்சாரை எவ்வளவு குளிர்வித்தாலும் போகாது. முன்னே பார்த்த சூட்டுப் புள்ளிகளின் இடமும் அளவும் தெரியும் என்பதால் டார்க் ஃப்ரேமைக் கொண்டு கழித்துவிடலாம். அந்தக் கழித்தலிலும் சூட்டு எலக்ட்ரான்களின் சொந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் மிஞ்சும். ஒளியின் பிசகை மட்டும் கழிக்கவே முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்னும் காத்திருந்து இன்னும் துளிகளைச் சேர்ப்பது. ஒரே காட்சியைப் பதினாறு முறை எடுத்துச் சராசரி கண்டால் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகும். ஃபிலிம் காலத்தில் நட்சத்திரச் சுழற்சியைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்தே வைத்தவர்கள், டிஜிட்டலுக்கு வந்தபின் முப்பது விநாடிப் படங்களை நூற்றுக்கும் மேல் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு ஒரு காரணம் நீளமாகத் திறந்திருக்கும் சென்சாரின் கசிவு. ஃபிலிமுக்கு வேறு நோய். நேரம் ஆக ஆக அதன் உணர்திறன் மங்கும். முதல் நிமிடத்தில் பிடித்த அளவுக்குப் பத்தாவது நிமிடத்தில் பிடிக்காது. ஒன்று களைத்துப்போகிறது, மற்றது சூடேறுகிறது.

தாம்பரம் வழியே போகும் ஜிஎஸ்டி சாலையில் வாகன வெளிச்சங்களைக் கோடுகோடாக எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரிந்திருக்கும். சோடியம் விளக்கு எரியும் இடங்களில் நிழல் பகுதிகள் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாகக் கெட்டுப்போகும். சென்சார் குழிகளின் மேல் வண்ணக் கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். பாதிக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, மிச்சக் கால்பங்குக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. நீலத்துக்கு இருப்பதே கால்பங்கு. சோடியம் வெளிச்சத்திலோ நீலம் மிகக் குறைவு. அந்த மஞ்சளைச் சரிக்கட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்ட, கேமரா நீலத்தின் எண்ணிக்கையைப் பல மடங்கு பெருக்குகிறது. இருந்த நாலு துளியோடு இரைச்சலும் பெருகிவிடுகிறது. எல்ஈடி விளக்குகள் வந்தபின் இந்தத் திட்டுகள் குறைந்திருக்கின்றன. ஆனால் அதே விளக்குகள் புறநகர் வானத்தை வெளுக்கவைத்து, மங்கலான நட்சத்திரங்களையும் சேர்த்து விழுங்கிவிட்டன.

நீலமே வெளிச்சமாக வந்த ஓர் இரவும் தென்சென்னைக்கு வாய்த்தது. 2019 ஆகஸ்ட் 18 இரவில் திருவான்மியூர், பாலவாக்கம், ஈஞ்சம்பாக்கம் எனக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடற்கரைகளில் அலை உடையும் இடமெல்லாம் நீலமாக மின்னியது.  நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர் கோடிக்கணக்கில் பெருகியிருந்தது. அலை உலுக்கினால் அது பத்தில் ஒரு விநாடிக்கும் குறைவாக ஒரு மினுக்கு மினுக்கும். கேமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. வெளிச்சம் மங்கல்; நிறமோ சென்சார் குறைவாகப் பிடிக்கும் நீலம்; அலையோ நிற்காது. ஐஎஸ்ஓவை ஏற்றிச் சில விநாடி திறந்து வைத்தால் அலை பஞ்சாகக் கலைந்து, நீலம் மட்டும் நூலாக நிற்கும், மணலெங்கும் நாய்ஸ் பொரியும். அன்றிரவு பரவிய படங்களில் மிகவும் பளபளப்பானவை, நேரில் நின்றவர்களின் கண் பார்த்ததைவிடப் பல மடங்கு தூக்கிக் காட்டியவை. பொரி விழுந்த படங்களே அந்த இருட்டுக்குக் கிட்டத்தில் இருந்தன.

இரைச்சலுக்கும் செய்திக்கும் நடுவே கோடு கிழிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு தேடிக் கண்டுபிடித்த இடத்தில் 1968இல் சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய வானாய்வகம். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கவிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னமே ஒளி சில விநாடி மங்கி மீண்டது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்கக் குழு, கோளுக்கு இருபுறமும் சமச்சீராகப் பல மங்கல்கள் வருவதைக் கண்டு, இவை வளையங்கள் என்று சொன்னது. அதன்பின் காவலூர்ப் பதிவைப் பட்டாச்சார்யாவும் பாப்புவும் மறுபடி வாசித்து, அதே ஆண்டு, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்களுக்குச் சாட்சியாக அதை முன்வைத்தார்கள். அந்த இரவின் பதிவை அழகாக இருக்கட்டும் என்று யாராவது மழமழவென்று ஆக்கியிருந்தால் மறுபடி வாசிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி சென்சார்தான் டிஜிட்டல் கேமராக்களுக்கு முன்னோடி. 2009இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தபின் காவலூரின் இரவுகளும் சிசிடிக்கு மாறின. மலை மேலே குளிர் உண்டு, ஆனால் வானியலுக்கு அது போதாது. ஆகவே மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றி சென்சாரைக் குளிர்விப்பது வானாய்வகங்களின் வழக்கம். இத்தனைக்கும் பிறகும் ஷட்டரை மூடியபடியே படம் எடுப்பதும், சீராக வெளிச்சம் பட்ட வெறும் பரப்பை ‘ஃப்ளாட்’ என்று எடுப்பதும், அவற்றை ஒவ்வோர் இரவின் படங்களோடும் சேர்த்து வைப்பதும் அங்கே பழக்கம். தன் கருவி எவ்வளவு பொய் சொல்லும் என்று முதலில் அளந்துவைத்துக்கொண்டு, பிறகு வானத்தைப் பார்க்கும் முறை அது.

கையிலிருக்கும் போன் கேமரா வேறு வழியில் போகிறது. இரவு மோடில் அது செய்யும் முதல் காரியம் நேர்மையானது. பல சின்னப் படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி காண்கிறது, டம்ளர் கணக்குதான். அடுத்த காரியத்தில்தான் வம்பு. மிஞ்சிய பொரியைத் தேய்த்து வழிக்கிறது. வழித்த இடத்தில் இது இலையாக இருக்கும், இது தோலாக இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை இருட்டிய பிறகு போனில் எடுத்துப் பார்த்தால் புரியும். கோரைப்புல் பச்சைச் சாயம் பூசியதுபோல் குழைந்து கிடக்கும். தண்ணீர் சிமெண்ட் பூசிய தரையாகும். படம் சுத்தமாக இருக்கிறது, கோரை காணாமல் போய்விட்டது. நாய்ஸ் உள்ள படம் ‘இங்கே எனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்கிறது. வழித்தெடுத்த படம் தெரியாததையும் தெரிந்ததாகச் சொல்கிறது. புகைப்படத்தைச் சாட்சியாக மதிக்கும் எவருக்கும் இந்த இரண்டில் எது வேண்டும் என்பதில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

வெளிச்சத்தைக் கூட்டினால் நாய்ஸ் குறையும் என்பது உண்மை. ஆனால் வெளிச்சம் போடக் கூடாத இடங்களும் இருக்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இந்த மணலில் இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். அங்கே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி அதன் பக்கம் ஊர்ந்துவிடும். சாலை விளக்குகளாலேயே அவற்றுக்கு வழி தவறுகிறது. நிலா வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றி எடுத்த ஆமைப் படத்தில் மணலும் ஓடும் பிரிக்க முடியாத பொரியாகத் தெரியும். அந்தப் பொரி, எடுத்தவர் ஆமையைத் தொந்தரவு செய்யவில்லை என்பதற்கான அத்தாட்சி. அதைப் பார்த்து முகம் சுளிப்பது நியாயமில்லை.

உள்ளதை உள்ளபடி வைத்திருப்பதன் பலன் பின்னால் தெரியும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனை எடுத்த படங்கள் கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிமிலும் நூறாண்டுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. கீறலும் தூசியும் கறையும் உள்ள தட்டுகள் அவை. எடுத்தவர்கள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆனபின் அவற்றை ஸ்கேன் செய்து, சூரியப் புள்ளிகளின் நீண்ட காலக் கணக்கை இன்றைய ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். தட்டில் இருந்ததை இருந்தபடியே வைத்ததால்தான் இது முடிகிறது.

தாம்பரம் மாடிகளிலும் கடற்கரைச் சாலையிலும் இரவுப் படம் எடுப்பவர்களிடம் கேட்க வேண்டியது சிறிய காரியம்தான். பகிர்வதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் வழித்துக்கொள்ளலாம். சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா ஃபைலை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இடம், தேதி, மணி, அன்றைய வெப்பநிலை, நான்கையும் ஃபைலோடு எழுதிவையுங்கள். முக்காலியை மடிப்பதற்கு முன், சென்சார் இன்னும் அதே சூட்டில் இருக்கும்போது, மூடியைப் போட்டு இன்னொரு படம் எடுங்கள். கறுப்பாக இருக்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.